சட்டைப்பை நிறைய ஓக் விதை!

நெல்சனுக்குத் தோள் கொடுத்த தளபதி காலிங்வுட்டின் வாழ்க்கை

டிரபால்கர் சண்டை என்றதும் எல்லோருக்கும் நெல்சன்தான் நினைவுக்கு வருவார். நெப்போலியனின் கப்பல் படையை முறியடித்து, வெற்றி கைக்கு வந்த நேரத்தில் உயிரை விட்ட வீரர் அவர்.

அதே சண்டையில், நெல்சனுக்கும் முன்பாக எதிரியின் அணிக்குள் பாய்ந்த தளபதி ஒருவர் உண்டு. அவர் பெயர் காலிங்வுட்.

சண்டையில் சூரர். ஆனால் அவருக்கு விசித்திரமான பழக்கம் ஒன்று இருந்தது. ஊரில் இருக்கும் நாட்களில் வெளியே உலாவப் போனால், சட்டைப்பை நிறைய ஓக் மர விதைகளை எடுத்துக் கொள்வார். நல்ல மண்ணைக் கண்டால் போதும். குனிந்து ஒரு விதையை அங்கே போட்டு விட்டு நடப்பார். நண்பர்களின் தோட்டத்துக்கு விருந்துக்குப் போனாலும் இதே வேலைதான்!

கடலிலே பிழைப்பு நடத்திய மனிதருக்குக் கரையிலே நிற்கும் மரத்தின் மீது ஏன் இத்தனை ஆசை? அந்த மரங்கள் பிறகு என்ன ஆயின? அதுதான் இந்தக் கதை.

அழுத பையன்

இங்கிலாந்தின் வடக்கே, நியூகாசில் நகரத்தில் 1748-ம் ஆண்டு காலிங்வுட் பிறந்தார். முழுப் பெயர் கத்பர்ட் காலிங்வுட். தகப்பனார் வியாபாரி. பெரிய பணக்காரர் அல்ல. வீட்டில் பிள்ளைகள் அதிகம்.

அந்தக் காலத்தில் வசதி குறைந்த குடும்பத்துப் பையன்கள் முன்னுக்கு வர ஒரு வழி உண்டு. கடற்படையில் சேருவது! 1761-ல் காலிங்வுட்டும் கப்பல் ஏறினான். பால் மணம் மாறாத வயது. உறவினர் ஒருவர் காப்டனாக இருந்த கப்பலில் வேலை.

கரை கண்ணுக்கு மறைந்தது. பையனுக்கு வீட்டு நினைவு வந்தது. ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதான். கப்பல் அதிகாரி ஒருவர் அதைப் பார்த்தார். அதட்டவில்லை. பக்கத்தில் வந்து அன்பாக நாலு வார்த்தை பேசினார். பையன் கண்ணைத் துடைத்துக் கொண்டான். தன் பெட்டியைத் திறந்து, அம்மா கொடுத்து அனுப்பிய பிளம் கேக்கில் ஒரு பெரிய துண்டை வெட்டி அவரிடம் நீட்டினான்!

அன்று ஏறிய கப்பலை விட்டு அவர் இறங்கவே இல்லை என்று சொல்லலாம். சாகும் வரை கடல்தான் அவருக்கு வீடு. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு உத்தியோகத்தில், கரையில் இருந்த காலம் மிகவும் கொஞ்சம்.

நெல்சனின் நண்பர்

காலிங்வுட் மெதுவாகத்தான் மேலே வந்தார். 1775-ல் அமெரிக்காவில் பங்கர் குன்றுச் சண்டை நடந்தது. அதில் காட்டிய திறமைக்காக லெப்டினண்டு ஆனார். அப்போது அவருக்கு 26 வயது.

பிறகு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். அங்கே நெல்சனின் நட்பு கிடைத்தது. நெல்சன் இவரை விடப் பத்து வயது சிறியவர். ஆனால் பதவியில் முந்திக்கொண்டே போனார். நெல்சன் ஒரு கப்பலை விட்டுப் பெரிய கப்பலுக்குப் போனால், அவர் விட்ட இடம் காலிங்வுட்டுக்குக் கிடைக்கும். வேறு ஒருவராக இருந்தால் பொறாமைப்பட்டு இருப்பார். இவர் பொறாமைப்படவில்லை. அந்த நட்பு கடைசி வரை நிலைத்தது.

இருவர் குணமும் இரண்டு விதம். நெல்சன் துடிப்பானவர். புகழில் ஆசை உள்ளவர். காலிங்வுட் நிதானமானவர். அதிகம் பேச மாட்டார். சிக்கனக்காரர்.

கப்பல் மாலுமிகளைச் சாட்டையால் அடிப்பது அந்தக் கால வழக்கம். காலிங்வுட்டுக்கு அது பிடிக்காது. கூடுமானவரை அடிக்காமலே அடக்குவார். அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும். முரட்டு மாலுமியும் தலையைக் குனிந்து கொள்வான். மற்றக் கப்பல்களில் அடங்காத ஆட்களை, திருத்துவதற்காக இவரிடம் அனுப்புவதும் உண்டு.

மானம் உள்ளவர்

1791-ல் காலிங்வுட்டுக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி பெயர் சாரா. மார்பெத் என்ற சிற்றூரில், ஆற்றங்கரையில் வீடு. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன.

ஆனால் குடும்பத்தோடு கூடி வாழ விதி விடவில்லை. 1793-ல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் யுத்தம் மூண்டது. காலிங்வுட் மறுபடியும் கப்பல் ஏறினார்.

1794-ல் ஜூன் முதல் தேதி பெரிய கடற்சண்டை நடந்தது. அதில் காலிங்வுட்டும் நன்றாகச் சண்டை போட்டார். ஆனால் பதக்கம் பெற்றவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் மனம் புண்பட்டது.

மூன்று ஆண்டு கழித்து, செயிண்ட் வின்சென்ட் முனைச் சண்டையில் அவருடைய கப்பல் புகுந்து விளையாடியது. நெல்சனுக்கு நெருக்கடி வந்தபோது குறுக்கே பாய்ந்து உதவினார். இந்தத் தடவை பதக்கம் தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லி விட்டார்! 1794-ம் ஆண்டுப் பதக்கத்துக்கும் தாம் உரியவரே என்றும், அதைக் கொடுக்காமல் இதைத் தந்தால் வாங்க முடியாது என்றும் தெரிவித்தார். கடைசியில் இரண்டு பதக்கமும் அவரிடம் வந்து சேர்ந்தன.

கப்பல் என்றால் காடு!

இப்போது ஓக் மரத்துக்கு வருவோம்.

நம் ஊருக்குத் தேக்கு எப்படியோ, இங்கிலாந்துக்கு ஓக் அப்படி. அது அந்த மண்ணுக்கே உரிய மரம். அடி பருத்து, கிளை பரப்பி, பல நூறு ஆண்டுகள் நிற்கும். கட்டை கனமானது, உறுதியானது. விதை கொட்டைப்பாக்கு அளவு இருக்கும். தலையில் கிண்ணம் போல ஒரு சிறு தொப்பி!

அந்தக் காலப் போர்க் கப்பல்கள் மரத்தால் ஆனவை. அதிலும் பெரும் பகுதி ஓக் மரம். நெல்சனின் விக்டரி என்ற கப்பலுக்காகச் சுமார் 6,000 மரங்கள் வெட்டப்பட்டன. அவற்றில் பத்துக்கு ஒன்பது ஓக்! நடுத்தரமான ஒரு போர்க் கப்பலுக்கே சுமார் 2,000 மரம் வேண்டும்.

நேராக வளர்ந்த மரம் மட்டும் போதாது. கப்பலின் வயிற்றுப் பகுதி வளைவானது. அதற்கு இயற்கையாகவே வளைந்த கட்டைகள் தேவை. கூட்டமாக நிற்கும் ஓக் மரம், வெளிச்சத்துக்காகப் போட்டி போட்டு நெட்டையாக வளரும். வயல் வரப்பிலும் வேலியோரத்திலும் தனியாக நிற்கும் மரம், நாலு புறமும் கிளை விட்டு வளைந்து வளரும். இரண்டு வகையும் கப்பலுக்கு வேண்டும். தச்சர்கள் ஊர் ஊராகச் சுற்றி, ஒவ்வொரு மரத்தின் வளைவையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

யுத்தம் நீண்டது. கப்பல்கள் பெருகின. மரங்கள் குறைந்தன. வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். ஆனால் கப்பலுக்கு ஏற்ற ஓக் மரம் வளர நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்! தாத்தா நட்டால் பேரனுக்குப் பேரன்தான் வெட்டலாம். அவ்வளவு காலம் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? நில உடைமைக்காரர்கள் பலர் மரத்தை விற்றுப் பணமாக்கினார்கள். மறுபடி நடுகிறவர்கள் குறைவு.

இது காலிங்வுட்டின் மனத்தை உறுத்தியது.

நாயும் விதையும்

1802-ல் சில மாதங்கள் யுத்தம் ஓய்ந்தது. காலிங்வுட் வீடு திரும்பினார். அவருடைய வாழ்க்கையில் மிகவும் இன்பமான நாட்கள் அவை.

காலையில் குழந்தைகளுக்குப் பாடம். பிறகு தோட்ட வேலை. ஸ்காட் என்ற கிழத் தோட்டக்காரரோடு சேர்ந்து தாமே மண் வெட்டுவார். ஒரு நாள் இன்னொரு கடற்படைத் தளபதி அவரைப் பார்க்க வந்தார். வீடு முழுவதும் தேடியும் காணவில்லை. கடைசியில், தோட்டத்தில் ஒரு ஆழமான பள்ளத்துக்குள்ளே தோட்டக்காரரோடு நின்று மண் அள்ளிக் கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தார்!

மாலையில் குன்றுகளின் மேல் உலாவப் போவார். பௌன்ஸ் என்ற நாய் கூடவே ஓடும். சட்டைப்பையில் ஓக் விதை இருக்கும். வேலியோரம், ஓடைக்கரை, சரிவு என்று பார்த்துப் பார்த்து விதைகளைப் போடுவார்.

அந்த மரங்களைத் தாம் பார்க்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். தம் மக்களும் பார்க்க மாட்டார்கள். அது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நூறு ஆண்டுக்குப் பிறகு நாட்டைக் காக்கப் போகிறவர்களுக்குக் கப்பல் வேண்டுமே என்பதுதான் அவருடைய எண்ணம்.

1803-ல் மறுபடி யுத்தம் வந்தது. காலிங்வுட் புறப்பட்டார். மூத்த மகளுக்குப் பத்து வயது. இளையவளுக்கு ஒன்பது. வாசலில் நின்று வழி அனுப்பினார்கள்.

அவர்களை அவர் மறுபடி பார்க்கவே இல்லை!

முதலில் பாய்ந்த கப்பல்

1805-ம் ஆண்டு. பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் காடிஸ் துறைமுகத்தில் கூடி இருந்தன. வெளியே காவல் காத்த காலிங்வுட்டிடம் இருந்தவை ஒரு சில கப்பல்கள்தான். எதிரிக்கு அது தெரிந்தால் ஆபத்து. ஆகவே ஒரு தந்திரம் செய்தார். தூரத்தில் பெரிய படை நிற்பது போலப் பாவனை பண்ணி, இல்லாத கப்பல்களுக்குக் கொடி காட்டி உத்தரவு போட்டுக் கொண்டே இருந்தார்!

நெல்சன் படையோடு வந்து சேர்ந்தார். அக்டோபர் 21-ந் தேதி டிரபால்கர் முனைக்குப் பக்கத்தில் சண்டை. எதிரியிடம் 33 பெரிய கப்பல்கள். இவர்களிடம் 27. படையை இரண்டு வரிசையாகப் பிரித்தார்கள். ஒரு வரிசைக்கு நெல்சன் தலைவர். இன்னொன்றுக்குக் காலிங்வுட்.

காலிங்வுட்டின் கப்பல் ராயல் சாவரின். நூறு பீரங்கி உள்ள ஓக் கோட்டை அது! அடியில் புதிதாகச் செப்புத் தகடு அடித்து இருந்ததால் வேகமாக ஓடியது. மற்றக் கப்பல்களைப் பின்னே விட்டு விட்டு, தன்னந்தனியாக எதிரி அணிக்குள் நுழைந்தது. நண்பகல் நேரம். நாலு பக்கமும் குண்டு மழை.

தளபதி மேல்தட்டில் ஆப்பிள் பழம் தின்று கொண்டே உலாவினார் என்று சொல்வார்கள். குண்டு பட்டு ஒரு பாய் கிழிந்து தொங்கியது. காலிங்வுட் ஒரு அதிகாரியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அந்தப் பாயைச் சுருட்டி எடுத்து வைத்தார்கள். நல்ல துணி வீணாகி விடக் கூடாதாம்! சாவு தலைக்கு மேல் பறக்கும்போதும் சிக்கனம் போகவில்லை.

அவருடைய கப்பலில் 47 பேர் செத்தார்கள். 94 பேர் காயம் பட்டார்கள். காலிங்வுட்டுக்கும் காலில் காயம். அதை வெளியே சொல்லவில்லை. எதிரே நின்ற சாந்தா அனா என்ற பெரிய ஸ்பானியக் கப்பல் சரண் அடைந்தது.

மாலையில் அந்தச் செய்தி வந்தது. நெல்சன் இறந்து விட்டார்! முப்பது ஆண்டு நண்பர் போய் விட்டார். அழுவதற்குக் கூட நேரம் இல்லை. படை முழுவதையும் காலிங்வுட் ஏற்க வேண்டி வந்தது.

அன்று இரவே புயல் தொடங்கியது. பல நாள் அடித்தது. உடைந்த கப்பல்களோடு அவர் போராடினார். பிடிபட்ட எதிரிக் கப்பல்களில் பெரும்பாலானவை நாசமாயின. ஆனால் தம் பக்கத்துக் கப்பல் ஒன்றையும் அவர் இழக்கவில்லை. காயம் பட்ட ஸ்பானிய வீரர்களைக் காடிசுக்கே திருப்பி அனுப்பி வைத்தார். பகைவர்களும் அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டினார்கள்.

கடலில் இருந்து வந்த கடிதங்கள்

அரசாங்கம் காலிங்வுட்டைப் பிரபு ஆக்கியது. மத்திய தரைக்கடல் படை முழுவதும் அவர் கையில் வந்தது. பட்டம் வந்தது, பணம் வந்தது. விடுமுறை மட்டும் வரவில்லை!

ஐந்தாம் ஆண்டு வரை அவர் கப்பலிலேயே கிடந்தார். நாள் முழுவதும் மேஜை முன் உட்கார்ந்து எழுத்து வேலை. சுல்தான்கள், ராஜாக்கள், மந்திரிகள் எல்லோருக்கும் கடிதம் எழுத வேண்டும். உடம்பு கெட்டது. வயிற்று நோய் வந்தது.

ஓய்வு கிடைத்தபோது வீட்டுக்கு எழுதுவார். பெண்கள் கணக்கும் நில அளவைக் கணிதமும் படிக்க வேண்டும் என்று எழுதுவார். வம்பு பேசிப் பொழுதைப் போக்கக் கூடாது என்று புத்தி சொல்லுவார். நாயைப் பற்றி வேடிக்கையாக எழுதுவார். எஜமான் பிரபு ஆனதில் இருந்து பௌன்சுக்குத் தலைக்கனம் ஏறி விட்டது, சாதாரண நாய்களோடு விளையாட மறுக்கிறது என்பார்!

ஓக் மரங்களையும் மறக்கவில்லை. எங்கே இடம் கிடைத்தாலும் நடச் சொல்லி மனைவிக்கு எழுதினார். தம் நிலத்தில் நட்ட கன்றுகள் எப்படி இருக்கின்றன என்று கடலில் இருந்தே கவலைப்பட்டார்.

1809-ல் பௌன்ஸ் கடலில் விழுந்து இறந்தது. காலிங்வுட் மனம் ஒடிந்தார். வீட்டுக்குப் போக உத்தரவு கேட்டார். அவர் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று மேலிடத்தில் இழுத்தடித்தார்கள்.

1810 மார்ச்சில்தான் அவர் பொறுப்பை ஒப்படைக்க முடிந்தது. 6-ந் தேதி கப்பல் மினோர்க்கா தீவை விட்டு ஊருக்குப் புறப்பட்டது. மறுநாள், 7-ந் தேதி, நடுக்கடலில் காலிங்வுட்டின் உயிர் பிரிந்தது. வயது 61.

லண்டன் செயிண்ட் பால் தேவாலயத்தில், நண்பர் நெல்சனின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

நம் தேக்குக்கு வந்த வேளை

ஓக் மரப் பஞ்சம் நம் நாட்டையும் தொட்டது.

டிரபால்கர் சண்டை நடந்த அதே 1805-ம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு லண்டனில் இருந்து ஒரு கேள்வி வந்தது. இங்கிலாந்தில் ஓக் குறைந்து வருகிறது. மலபார்த் தேக்கை நம்பிக் கடற்படைக் கப்பல் கட்டலாமா என்பது கேள்வி. மலபார் அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது.

1806-ல் வாட்சன் என்ற காப்டனை மலபார்க் காடுகளுக்கு அதிகாரியாகப் போட்டார்கள். தேக்கு முழுவதும் கம்பெனிக்கே என்று உத்தரவு பிறந்தது. சொந்த நிலத்து மரத்தையும் சொந்தக்காரர் வெட்ட முடியவில்லை. ஜனங்கள் கொதித்தார்கள். வியாபாரிகள் முறையிட்டார்கள். 1823-ல் சென்னை கவர்னர் மன்றோ அந்த ஏற்பாட்டை நீக்கினார். அதற்குள் எத்தனையோ மரங்கள் விழுந்து விட்டன. பிறகு 1840-களில், கலெக்டர் கானலியும் சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்கு நட்டு வளர்த்தார்கள். அந்தத் தோப்பில் நெடிய தேக்கு மரங்கள் இன்றும் நிற்கின்றன.

பம்பாயில் தேக்கால் கட்டிய கப்பல்களில் ஒன்றின் பெயர் திருகோணமலை! 1817-ல் கடலில் இறங்கியது. இன்று வடகிழக்கு இங்கிலாந்தில், காலிங்வுட் பிறந்த பகுதிக்குத் தெற்கே, ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது.

கப்பலுக்கு வேண்டாம்!

காலிங்வுட்டும் அவரைப் போன்றவர்களும் நட்ட ஓக் கன்றுகள் வளர்ந்தன. ஐம்பது வயது ஆயிற்று. அப்போது ஒரு மாறுதல் வந்தது.

1860-ல் வாரியர் என்ற இரும்புக் கப்பல் இங்கிலாந்தில் கடலில் இறங்கியது. சில ஆண்டுகளில் மரப் போர்க் கப்பல்களின் காலம் முடிந்தது. ஓக் மரங்கள் கப்பலுக்கு ஏற்ற பருவத்தை அடைந்தபோது, அவற்றைக் கேட்க ஆள் இல்லை!

காலிங்வுட் கணக்கு தப்பி விட்டதா?

அவர் நினைத்த காரியத்துக்கு மரம் பயன்படவில்லை. ஆனால் அவர் நினைக்காத காரியத்துக்குப் பயன்பட்டது.

ஒரு மரத்தில் ஓர் ஊர்

ஓக் மரம் தனி மரம் அல்ல. அது ஓர் ஊர்! பறவை, அணில், வௌவால், வண்டு, பாசி, காளான் என்று பிரிட்டனில் சுமார் 2,300 வகை உயிர்கள் ஓக் மரத்தோடு உறவு கொண்டு இருப்பதாக 2019-ல் கணக்கு வெளியாயிற்று. அவற்றில் 326 வகைக்கு ஓக்கைத் தவிர வேறு கதி இல்லை.

வயதாக ஆக இந்த ஊர் பெருகும். கிழ மரத்தின் பொந்தும் பட்டை வெடிப்பும் உளுத்த கிளையும் பல உயிர்களுக்கு வீடு. புதிதாக நூறு கன்று நட்டாலும் ஒரு கிழ மரத்துக்கு ஈடாகாது.

காலிங்வுட் செய்த வேலையை ஒரு பறவையும் செய்கிறது. அதன் பெயர் ஜே. காக்கை இனம். இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான ஓக் விதைகளைப் பொறுக்கி, குளிர்காலச் சாப்பாட்டுக்காக மண்ணில் புதைத்து வைக்கும். சிலவற்றை எடுத்துத் தின்னாமல் விட்டு விடும். அவை முளைத்து மரமாகும். ஓக் காடு நடந்து போவது இந்தப் பறவையின் அலகில்தான்!

இப்படித்தான் ஓக் இங்கிலாந்துக்கே வந்தது. பல ஆயிரம் ஆண்டுக்கு முன் வட ஐரோப்பா பனியால் மூடிக் கிடந்தது. ஓக் மரங்கள் ஸ்பெயின் போன்ற தெற்குச் சீமைகளில் ஒதுங்கி இருந்தன. பனி விலகியதும் மெல்ல மெல்ல வடக்கே பரவின. இன்று இலையில் உள்ள மரபணுவைச் சோதித்தால், அந்த மரத்தின் தாய் வழி எந்தப் பக்கம் இருந்து வந்தது என்று சொல்லி விடலாம். இங்கிலாந்து ஓக் மரங்களில் பெரும்பாலானவற்றின் தாய் வழி ஸ்பெயின் பக்கம் போகிறது. காலிங்வுட் எந்த ஸ்பெயின் கப்பலோடு மோதினாரோ, அந்தச் சீமைதான் அவருடைய மரங்களுக்குப் பூர்வீகம்!

பிள்ளைகள் பல விதம்

ஓக் மரம் காற்றால் மகரந்தம் பெறுகிறது. எங்கிருந்தோ வந்த தூள் இங்கே உள்ள பூவில் சேரும். ஆகவே ஒரே மரத்து விதைகளும் ஒன்று போல இரா. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒன்று வறட்சியைத் தாங்கும். ஒன்று குளிரைத் தாங்கும். ஒன்று பூச்சிக்கு இடம் கொடுக்காது.

இந்த வேற்றுமைதான் காட்டுக்குக் காப்பு. எல்லா மரமும் ஒரே குணமாக இருந்தால், ஒரு நோய் வந்தாலும் எல்லாம் ஒன்றாகச் சாயும். வேற்றுமை இருந்தால் சில மரமாவது தப்பும். தப்பிய மரத்தின் விதை காட்டை மறுபடி உண்டாக்கும்.

இது வெறும் பேச்சு அல்ல. பிரிட்டனின் ஆஷ் மரங்களில் 2012-ல் ஒரு காளான் நோய் காணப்பட்டது. அது எத்தனையோ மரங்களை அழித்து விட்டது. சிறு அளவு மரங்கள்தான் தாக்குப் பிடிக்கின்றன. நம்பிக்கை அவற்றின் மேல்தான். ஓக் மரத்தையும் பட்டையில் நீர் வடியும் ஒரு நோய் சில பகுதிகளில் வாட்டுகிறது. கோடை வெப்பமும் கூடி வருகிறது.

நெல்லைப் பத்தாயத்தில் போட்டு வைப்பது போல ஓக் விதையைச் சேமிக்க முடியாது. மாங்கொட்டை, பலாக்கொட்டை மாதிரி, காய்ந்தால் செத்து விடும். சாதாரண விதைக் கிடங்கில் வைத்துக் காக்க வழி இல்லை. ஓக் மரத்தின் குணங்களைக் காக்க ஒரே பெட்டகம்தான் உண்டு. அது உயிரோடு நிற்கும் மரம்! பல இடத்து மரங்கள், பல வயது மரங்கள் நிற்க வேண்டும். அவற்றின் விதை உடனே மண்ணில் விழ வேண்டும். பை நிறைய எடுத்துப் போய் அன்றைக்கே மண்ணில் போட்ட தளபதி, தமக்குத் தெரியாமலே சரியான வழியைத்தான் கையாண்டார்.

நெப்போலியன் மரம்

சுவிட்சர்லாந்தில், லாசேன் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு கிழ ஓக் மரம் இருந்தது. 1800-ல் நெப்போலியன் படையோடு அந்தப் பக்கம் போனபோது அது இளமரம். அதனால் அதற்கு நெப்போலியன் மரம் என்று பெயர்.

விஞ்ஞானிகள் அந்த மரத்தின் கீழ்க் கிளையையும் மேல் கிளையையும் ஒப்பிட்டு 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். இருநூறு ஆண்டுக்கு மேல் வளர்ந்தும் மரபணுவில் மிகச் சில மாறுதல்களே ஏற்பட்டு இருந்தன. ஓக் தன் குலச்சொத்தைக் கெடாமல் காத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது என்று தெரிந்தது.

நெப்போலியனின் சாம்ராஜ்யம் போயிற்று. அவரை எதிர்த்து நின்ற மரக் கப்பல்களும் போயின. ராயல் சாவரின் 1841-ல் உடைக்கப்பட்டது. அதன் பீரங்கிகள் நான்கு, டைன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் காலிங்வுட் சிலைக்குக் கீழே கிடக்கின்றன. சிலை கடலைப் பார்த்து நிற்கிறது.

2005-ல் டிரபால்கர் சண்டையின் இருநூறாம் ஆண்டு வந்தது. பிரிட்டனில் அதைக் கொண்டாடக் காடு வளர்த்தார்கள்! சண்டையில் நின்ற கப்பல்களின் பெயரைப் புதுக் காடுகளுக்கு வைத்தார்கள். கெண்ட் மாவட்டத்தில் உள்ளது விக்டரி காடு.

ஒரு காலத்தில் காட்டை வெட்டிக் கப்பல் செய்தார்கள். இன்று கப்பலின் பெயரால் காடு செய்கிறார்கள். காலிங்வுட் இருந்தால், சட்டைப்பையை நிரப்பிக் கொண்டு முதல் ஆளாகப் போய் இருப்பார்!

தனக்கு நிழல் தராத மரத்தை நடுகிறவன், பிறக்காத பிள்ளைக்கும் சோறு வைக்கிறான். அந்தப் பிள்ளை அதை எதற்குப் பயன்படுத்துவான் என்று நடுகிறவனுக்குத் தெரிய வேண்டியது இல்லை. விதை நல்லதாக இருந்தால் போதும்.